மாடி ரூம் பாக்க வந்தவ

இல்ல சார், குழாய் சொட்டறதெல்லாம் ஒரு குறையா? நான் இப்ப இருக்கற ஹாஸ்டல்ல குழாய் சொட்டினாலே நாங்க கொண்டாடுவோம். மாடி நல்லாத்தான் இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன். ரெண்டு ஜன்னல் இருக்கு பாருங்க, எனக்கு அது போதும். நான் வேலை பாக்கற எடத்துல ஜன்னல்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வெளில மழையா வெயிலான்னு, உள்ள வர்றவங்க தலைமுடியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

கொஞ்சம் உக்காரட்டுமா? நீங்களும் உக்காருங்க சார். படி இறங்கறப்ப செவத்தப் பிடிச்சுட்டு நின்னீங்களே, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. தலை சுத்துதா? வயசாச்சுன்னு நீங்களே சொல்லிக்கிட்டா எப்படி? அத்தன வருஷம் பஸ் ஓட்டின ஆளு இப்படித் தடுமாறக் கூடாது.

எப்படித் தெரியும்னா... அதான், அந்த போட்டோல காக்கிச் சட்டையோட ஸ்டியரிங் முன்னாடி உக்காந்திருக்கீங்களே. பக்கத்துப் போட்டோல இருக்கறது உங்க வீட்டம்மாவா? நல்ல சிரிப்பு. ம். தெரியும்... இல்ல, மாலை போட்டிருக்கு, அதப் பாத்துச் சொன்னேன்.

என்ன வேலைன்னு கேட்டீங்க இல்ல. கேளுங்க சார், கேக்காம வீடு விட்டாத்தான் தப்பு. ஆனா பதில்தான் கொஞ்சம் சிக்கல். கம்பெனி பேரச் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன். சிரிக்காதீங்க, உளவு வேலையெல்லாம் இல்ல. ரொம்பப் பெரிய கம்பெனி. ஆனா நான் அவங்க ஆளு இல்ல. அவங்க ஒரு கம்பெனிக்கு வேலையக் குடுப்பாங்க, அது இன்னொரு கம்பெனிக்குக் குடுக்கும், அந்த இன்னொண்ணு எங்களப் பிடிச்சு உக்கார வெச்சிருக்கு. ஏதாவது ஒண்ணுன்னா எல்லாரும் பக்கத்து ஆளக் கை காட்டுவாங்க. நாங்க நடுவுல நிப்போம்.

அவங்க ஆளுங்க கழுத்துல நீலப் பட்டை, எங்க கழுத்துல பச்சை. லிஃப்ட்ல நாங்க ஏறினோம்னா நீலமெல்லாம் பேச்ச நிறுத்திக்கும். ஒரே கேன்டீன்தான், ஆனா எங்களுக்கு வேற கதவு. உள்ள போறப்ப செல்போன லாக்கர்ல வெச்சிடணும். பேனா, பேப்பர் எதுவும் கூடாது. ஒருநாள் என் கைப்பையில பழைய பஸ் டிக்கெட் ஒண்ணு கெடந்துச்சு, அத அந்த செக்யூரிட்டி அண்ணன் திருப்பித் திருப்பிப் பாத்தாரு பாருங்க, ஏதோ கோட்டை வரைபடம் மாதிரி.

அம்மாவா? அவங்களுக்கே தெரியாது சார். கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டும் தெரியும். போன வருஷம் ஒரு எடத்துலேர்ந்து கல்யாணப் பேச்சு வந்துச்சு. பையனோட அக்கா கேட்டாங்க, கம்ப்யூட்டர்ல என்ன வேலைன்னு. அம்மா என்னப் பாத்தாங்க. நான், அத வெளில சொல்லக் கூடாதுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான், போன காபி டம்ளர் பாதியோட திரும்பி வந்துச்சு. வெளில சொல்ல முடியாத வேலைன்னா என்ன வேலைன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. ஊர் வாய மூட உலைமூடியா இருக்கு? அம்மா சண்டையெல்லாம் போடல. அதுதான் கஷ்டம். இப்ப போன் பண்ணா, இருக்கியா, இருக்கேன், சரி வெச்சிடறேன். அம்மாவும் அப்படித்தான் நெனைக்கறாங்களோன்னு எனக்கு ஒரு பயம். கேக்க தைரியம் இல்ல.

நல்ல கேள்வி. சொந்த அம்மாகிட்ட சொன்னா கம்பெனிக்கு எப்படித் தெரியப் போகுது? தெரியாதுதான். ஆனா முதல் நாளே ஒரு ரூம்ல உக்கார வெச்சு, யாருக்குச் சொன்னாலும் வேலை போயிடும், அப்புறம் கோர்ட்டு கேஸுன்னு இழுப்போம்னு சொல்லித்தான் உள்ளயே விட்டாங்க. எங்க அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவாங்க, பக்கத்து வீடு ஊருக்கே சொல்லும். எனக்கு அந்த பயம். பயந்து பயந்து இருந்து, இப்ப யாருகிட்டயும் எதையுமே சொல்ல வரமாட்டேங்குது. இன்னிக்குத்தான் இவ்வளவு பேசறேன். உங்களுக்குக் காது வலிச்சா சொல்லிடுங்க.

சார், அந்த அலமாரில உருண்டையா இருக்கே ஸ்பீக்கர், அதோட வயர நான் பிடுங்கிடட்டுமா? ஒண்ணும் ஆகாது, அப்புறம் நானே மாட்டித் தர்றேன். சுவருக்கும் காதுண்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

ம். இப்பத்தான் நிம்மதியா இருக்கு.

என் வேலை என்னன்னா சார், கேக்கறது. ஹெட்போன மாட்டிட்டு உக்காந்து கேக்கறது. ஜனங்க வீட்ல இந்த மாதிரி ஸ்பீக்கர்கிட்ட பாட்டு போடு, மழை வருமா, அலாரம் வைன்னு சொல்றாங்க இல்ல, அதுல சிலத எடுத்து எங்களுக்கு அனுப்புவாங்க. மெஷின் சரியாப் புரிஞ்சுக்கிச்சான்னு நாங்க பாக்கணும். என்ன சொன்னாங்கன்னு எழுதணும், பக்கத்துல இருக்கற பட்டன்ல ஒண்ண அமுக்கணும், அடுத்தது. பேரு வராது, ஊரு வராது. வெறும் குரல் மட்டும் வரும்.

ஆமா சார். மனுஷங்கதான் கேக்கறோம்.

கோவம் வரும். வரணும். எனக்கும் முதல் வாரம் கூசிச்சு. புருஷன் பொண்டாட்டி சண்டை வரும், கொழந்த அழறது வரும், எவனோ தனியா உக்காந்து பாடறது வரும். ஸ்பீக்கர் பெட்டி தானா முழிச்சுக்கிட்டு, யாரும் கூப்பிடாமலே பிடிச்ச பேச்செல்லாம் வரும். ஜனங்க சம்மதம்னு ஒரு பட்டன அமுக்கியிருக்காங்களாம், அதுக்கு மேல பொடி எழுத்துல எல்லாம் போட்டிருக்காம். யாரு படிச்சா?

பக்கத்து சீட்ல ஒரு அக்கா இருக்காங்க. நாங்க எல்லாரும் அவங்கள சீனியர் அக்கான்னுதான் கூப்பிடுவோம். சிலநேரம் ஹெட்போனுக்குள்ள எதையோ கேட்டுட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாங்க. ஒருநாள் கண்ணத் தொடச்சுக்கிட்டே இருந்தாங்க. என்னன்னு கேக்கக் கூடாது சார். அதுவும் சட்டம். பக்கத்துல ஒருத்தங்க அழறாங்க, நான் என் ஸ்க்ரீனப் பாத்துட்டு எவனோ அலாரம் வெக்கச் சொன்னத எழுதிட்டு இருக்கேன். என்ன நெனச்சு எனக்கே வெறுப்பா இருந்துச்சு.

இல்ல, யாரு குரல்னு கண்டுபிடிக்கக் கூடாது. தெரிஞ்ச குரல் வந்தா உடனே தள்ளி விட்டுடணும். ஆனா நம்ம மொழிக்கு நாங்க கொஞ்சம் பேருதான். அதனால சில குரல் சுத்திச் சுத்தி எங்ககிட்டயே வரும். வர வர நமக்கே ஒரு பழக்கம் ஆயிடும். இந்தப் பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது, இந்த ஆளு புதுசா சமைக்கக் கத்துக்கறாரு, உப்பு எவ்வளவுன்னு கேக்கறாருன்னு தெரிய ஆரம்பிச்சிடும்.

அதுல ஒருத்தர். மனைவி போய்ட்டாங்க போல, தனியா இருக்காரு. பெட்டிக்குப் பொம்பளக் குரல் இல்லையா, அதனால அத அம்மாடின்னுதான் கூப்பிடுவாரு. மத்தவங்க நாயக் கூப்பிடற மாதிரி அதட்டுவாங்க சார், இவரு பாட்டு போடச் சொன்னாக்கூட, சிரமம் இல்லன்னா போடும்மான்னு சொல்லுவாரு. அந்தக் குரல் வந்துச்சுன்னா அன்னிக்கு எனக்கு நல்ல நாளு.

அவருக்கு ப்ரஷர் மாத்திரை. காலைல ஒண்ணு. பையன் வெளியூர்லேர்ந்து வந்தப்ப, பெட்டில ஞாபகப்படுத்தறதுக்கு வெச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கான். அது மாத்திரை நேரம்னு சொல்லும். இவரு போட்டுக்கிட்டு, போட்டாச்சும்மான்னு பதில் சொல்லுவாரு. ஆனா அந்தப் பெட்டிக்கு வாயால சொல்ற பதில் ஏறாது. போன்ல தொட்டு நிறுத்தணும். நிறுத்தலன்னா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் மாத்திரை நேரம்னு சொல்லும். அத அந்தப் பையன் சொல்லிக் குடுக்கல. இவரு என்ன நெனைக்கறாரு, அது கணக்கு வெச்சிருக்குன்னு. ஓ, இன்னும் போடலியா, மறந்துட்டேன் பாரு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மான்னு சொல்லிட்டு இன்னொண்ணு போட்டுக்கறாரு.

ஒருநாள் கேட்டேன், சரி ஏதோ தவறிப் போச்சுன்னு விட்டேன். அடுத்த வாரமும் அதே. அப்புறம் அவரு பெட்டிகிட்ட, அம்மாடி தலை ஏன் இப்படிச் சுத்துதுன்னு கேட்டாரு. அது இன்னிக்கு வெயில் ஜாஸ்தின்னு சொல்லிச்சு.

சூப்பர்வைசர்கிட்ட போனேன். நல்ல மனுஷன்தான், அவருக்கும் பச்சைப் பட்டைதான். உன் வேலை எழுதறது, வைத்தியம் பாக்கறது இல்லன்னாரு. மேல எழுதிப் போட ஒரு கட்டம் இருக்கு, அதுல எழுதினேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? எழுதினது நீளமா இருக்கு, சுருக்கவும்னு. சுருக்கி எழுதினேன். இது உங்கள் பணிக்குத் தொடர்பில்லாததுன்னு வந்துச்சு, கூடவே ஒரு எச்சரிக்கை. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் வர்றப்ப, இன்னிக்கும் ரெண்டு போட்டுட்டாரோன்னு காதத் தீட்டிக்கிட்டுக் கேப்பேன். வரலன்னா அதவிட மோசம். எங்கயாவது விழுந்து கெடக்கறாரோன்னு.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? விலாசத்த அவரேதான் குடுத்தாரு. மாடி வாடகைக்கு விடணும்னு பெட்டிகிட்டதான் விளம்பரம் எழுதச் சொன்னாரு. எந்தத் தெரு, எதுத்தாப்ல தையல் கடை, போன் நம்பர், எல்லாம் நிறுத்தி நிறுத்தி, கவுண்டர்ல டிக்கெட் கேக்கற மாதிரி தெளிவாச் சொன்னாரு. நான் எழுதினேன். பேப்பர் பேனா கூடாதுன்னாங்க, மனசுல எழுதிக்கறத யாரு சோதிப்பாங்க?

சார், நீங்க எழுந்திருக்காதீங்க. உக்காருங்க.

நான் ரூம் பாக்க வரல.

இன்னிக்குக் காலைல எத்தன போட்டீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. அது ரெண்டாவது தடவ சொன்னப்புறமும் போட்டீங்களா? அந்த மாத்திரை அட்டையையும் பில்லையும் கொண்டாங்க, நான் பாக்கறேன். பாருங்க, வாங்கின தேதிக்கும் மிச்ச மாத்திரைக்கும் ஒத்துப் போகுதா? இன்னும் பத்து நாளைக்கு வரவேண்டியது, மூணுதான் மிச்சம் இருக்கு. உங்க மேல தப்பு இல்ல சார். உங்களுக்கு ஞாபக மறதியும் இல்ல. நீங்க போட்டது உங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருந்துச்சு, நீங்கதான் உங்கள நம்பல. சட்டையப் போட்டுக்கோங்க, அந்த அட்டையையும் எடுத்துக்கோங்க, டாக்டர்கிட்ட போலாம். நான் கூட வர்றேன். அவரு கேட்டா பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிடுங்க.

சொல்றேன். நீங்க கோவப்படறதுல நியாயம் இருக்கு. ஒட்டுக் கேட்டிருக்கேன், பொய் சொல்லி உள்ள வந்திருக்கேன். கம்பெனிக்கு நீங்க ஒரு போன் பண்ணாப் போதும், திங்கக்கிழமை என் கார்டுக்குக் கதவு தொறக்காது. பண்ணணும்னு தோணிச்சுன்னா பண்ணுங்க. ஆனா டாக்டரப் பாத்துட்டு வந்து பண்ணுங்க.

எனக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கறீங்களா? எத்தனையோ குரல் கேக்கற, எனக்காக மட்டும் ஏன் வந்தேன்னு.

நீங்க தூங்கப் போறதுக்கு முன்னாடி பெட்டிகிட்ட, சாப்டியாம்மான்னு கேப்பீங்க. தெனமும். அது, மன்னிக்கவும், எனக்கு அது புரியலைன்னு சொல்லும். நீங்க சிரிச்சுட்டு, பட்டினியாப் படுக்காத அம்மாடி, எதையாவது சாப்ட்டுத் தூங்குன்னு சொல்லுவீங்க. நான் அத எழுத்துப் பிசகாம எழுதிட்டு, தேவையில்லாத பேச்சுன்னு ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்கணும். அமுக்குவேன். என்கிட்ட வேற யாரும் அப்படிக் கேக்கறதில்ல. பதில் சொல்றதுக்கு அதுல வழி இல்ல.

சாப்ட்டேன்ப்பா. சில நாள் சாப்பிடாமத்தான் உக்காந்திருப்பேன், நீங்க கேட்டப்புறம் எழுந்து போய்ச் சாப்ட்டேன்.