சப்பாத்துக்குள் ஒரு மெத்தை

— இந்தச் சப்பாத்தும் இந்தக் கால் அடையாளமும் ஒரே ஆளின்ரை இல்லைப் பிள்ளை. என்ரை கண்ணை ஏமாத்தேலாது.

— என்ன கதை ஏரம்பண்ணை? ரண்டும் என்ரை மனுசன்ரைதான். நேற்று நீங்கள் சொன்னபடி காலுக்கு எண்ணெய் பூசி, பேப்பரிலை மிதிக்க வைச்சுக் கொண்டந்தனான்.

— கேளுங்கோ. சப்பாத்து வெளிப்பக்கத்தாலை தேய்ஞ்சிருக்கு. நல்ல வளைவான பாதம், ஓடுறவன்ரை கால். பேப்பரிலை வளைவே இல்லை. பலகை மாதிரிப் பதிஞ்சு கிடக்கு. முப்பது வரியமா இந்தச் சந்தியிலை இருந்து சப்பாத்துத் தைச்சுக் கால் பாக்கிறன், விளங்கிச்சோ?

— சப்பாத்து எண்பத்தைஞ்சாம் ஆண்டு போட்டது, அண்ணை. அடையாளம் இண்டைக்குக் காலமை எடுத்தது.

— அதுக்கிடையிலை?

— ஆமி பிடிச்சு ரண்டு வரியம் மறியலிலை அடைச்சு வைச்சிருந்தது. உள்ளங்காலிலைதான் அடிச்சவங்கள். அதுக்கு மேலை என்னட்டைக் கேளாதேங்கோ.

— கேக்கேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை... ஆள் ஆர்?

— கொழும்புத்துறை அடைக்கலநாதன்.

— மரதன் ஓட்டம் ஓடின அடைக்கலமோ! கொடிகாமத்திலையிருந்து ஓடி வரேக்கை இதிலை வைச்சு நான்தான் தலையிலை தண்ணி ஊத்தினனான்! ஆள் வந்திட்டுதோ?

— வந்திட்டார், அண்ணை. இந்தியாவோடை ஒப்பந்தம் எழுதின கையோடை விட்டிட்டாங்கள். இருவது நாளாச்சு. மாதாவே, ஆளை மட்டும் தா, வேறை ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு கிடந்தனான். தந்திட்டா. இப்ப பாருங்கோ, காலையும் கேக்கிறன்.

— கேளுங்கோ, கேளுங்கோ. அதிலை என்ன பிழை? எலும்பு எப்பிடியாம்?

— படம் பிடிச்சுப் பாத்திட்டு, முறிவில்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அண்டைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டனான். ஆனால் மனுசன் படலைக்கு வெளியிலை கால் வைக்காது. கேட்டால், நோகுது எண்டு சொல்லும். சப்பாத்துக்குள்ளை ஏதும் நல்லதா வைச்சுக் குடுத்தால்...

— திரும்ப ஓடும் எண்டு நினைக்கிறியள்.

— முதல் கோயிலடி மட்டும் நடக்கட்டும்.

— அப்ப இதைத் தொட்டுப் பாருங்கோ. தக்கை. வளைவைத் தாங்கும், ஆனால் விறைப்பு. அடிபட்ட காலுக்குக் கல்லு மாதிரி இருக்கும். மற்றது பஞ்சு. வைக்கேக்கை சொர்க்கம், ஒரு மைல் போனால் அப்பளம்.

— உந்தக் கறுப்பு?

— செருப்பு றப்பர். அமத்துங்கோ. தாழுதே? விடுங்கோ. எழும்புதே? இதுதான் அவருக்குச் சரி. வளைவுக்கு மட்டும் தக்கையை மெல்லிசாச் சீவி ஒட்டி, மேலை ஆட்டுத்தோல் போட்டுத் தாறன். முதல் கிழமை வீட்டுக்குள்ளை மட்டும் போடச் சொல்லுங்கோ. ஓடுற கதை மாரிக்குப் பிறகு.

— ஐயோ மாதாவே! என்ன சத்தம் அது?

— பயப்பிடாதேங்கோ, லொறி ரயர் வெடிச்சது. அங்கை, டிறைவர் இறங்கி நிண்டு தலையைச் சொறியிறான், பாருங்கோ.

— வீட்டை கேட்டிருக்கும், அண்ணை. கால் மைல்தானே. கதவு தட்டினாலே கட்டிலுக்குக் கீழை போற மனுசன். நான் போகவேணும்.

— சீவி ஒட்டினால் முடிஞ்சுது. அஞ்சு நிமிசம் பொறுங்கோ.

— பிறகு வந்து எடுக்கிறன், அதை விடுங்கோ.

— பிள்ளை, கொஞ்சம் நில்லுங்கோ. அந்தப் பக்கத்தாலை ஒரு ஆள் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடி வருது. வெறுங்கால். அந்தக் கை வீச்சை நான் எங்கையோ கண்டிருக்கிறன்...

— ராணி! ராணி! உனக்கு ஒண்டுமில்லையே? சந்திப் பக்கம் வெடிச்சுதெண்டு...

— எனக்கு ஒண்டுமில்லை. லொறி ரயர்தான். இஞ்சேருங்கோ, வீட்டிலையிருந்து ஓடியே வந்தனீங்கள்?

— நீ இஞ்சை நிக்கிறாய். வேறை என்ன செய்ய?

— தம்பி, இந்த வாங்கிலை இருங்கோ. முதல் மூச்சை விடுங்கோ.

— உங்களுக்குக் கால் நோகேல்லையே?

— நீ கேட்டாப் பிறகுதான் நோகுது.