துபாய்லேர்ந்து வந்த கேசட்டு

துரை: அம்மா, நான் துரை. வயசு இருபத்தி மூணு. துபாய்லேர்ந்து பேசறேன்...

ஐசக்: வயசு எதுக்கு மச்சான்? பெத்தவங்களுக்கு தெரியாதா?

துரை: தெருவையே கூட்டிவெச்சு போடச் சொல்லும்டா எங்கம்மா. குறுக்க பேசாத, டேப்புல வுழுது. ...அம்மா, ஹோட்டல்ல டெய்லி டிரம்பெட் வாசிக்கிறேன். வெள்ளக்காரனுங்க கை தட்றானுங்க...

ஐசக்: துரை, ஒண்ணு சொல்லணும்...

துரை: டேப்ப அமுக்கு, அமுக்கு! செங்கல்பட்டு ரயிலு வண்டி வருது. மொத கேசட்டுல கொஞ்சம் வுழுந்துடுச்சு. நல்லவேளை, யாரும் கண்டுக்கல.

ஐசக்: ஊரப்பாக்கத்துல குந்திகினு துபாய்ன்ற. போதும்டா. வூட்டுக்கு வா.

துரை: எந்த மூஞ்ச வெச்சிகினு? நீங்கதானே பேண்டு அடிச்சி, மாலை போட்டு அனுப்புனீங்க? போய் எறங்குனா, ரூலு மாறிப்போச்சு, டூரிஸ்ட் விசால வந்தவன் மேடை ஏறக்கூடாதுன்னு அடுத்த பிளைட்லயே ஏத்திட்டான். தெருவே சிரிக்கும். மறைமலை நகர்ல மூட்டை தூக்கினாலும் தூக்குவேன். இன்னொரு விசா வரட்டும், நெசமாவே பூடறேன். அப்போ இது பொய்யில்லல்ல?

ஐசக்: அதுவரைக்கும் அம்மா...

துரை: வண்டி பூடுச்சு, போடு. ...இரு. இன்னா, காலையிலயே பேண்டு டிரஸ்ஸு? எங்க சாவு?

ஐசக்: தாம்பரத்துலதான்.

துரை: டிரம்பெட் யாரு?

ஐசக்: யாரும் இன்னும் ஊதல... நீ முடி மொதல்ல.

துரை: ...அம்மா, கிறிஸ்மஸுக்கு வந்துடறேன். வேளைக்கு சாப்பிடு. இத்த கேக்கறவங்க யாரா இருந்தாலும் சரி, எங்கம்மாவுக்கு டேப்பு போடத் தெரியாது. கிட்ட உக்காந்து ரெண்டு வாட்டி போட்டுக் காட்டுங்க. அவ்ளோதான். ...அமுக்கிட்டேன். இன்னாடா, சாவு வூட்ல ஏன் ஊதல? நம்ம பேண்டு ஆளு வூடா?

ஐசக்: ம்.

துரை: அப்போ அவன்தானே மொத ஊதணும். எங்க அவன்? ...யாரு வூடு, நம்ம மாரி வூடா? ஏய்... ஏன்டா அழுவுற?

ஐசக்: டிரம்பெட்ட எடு மச்சான். மொத கேசட்டுலயே அம்மாவுக்கு வண்டி சத்தம் கேட்டுடுச்சு. தெருவுல மூச்சு வுடல. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிச்சு. நேத்து நெஞ்ச புடிச்சிகினு சாயறப்பதான் வாயத் தொறந்துச்சு... ‘எம்புள்ள தண்டவாளத்தோரம்தான் எங்கியோ கீறான், இட்டுகினு வா’ன்னு.