பேர் சொல்லி வேலை கொடுங்கள்

முதலுதவி வகுப்பில் பெரிய கஷ்டம் ஆட்களைத் தூங்காமல் பார்த்துக்கொள்வதுதான் சார். மதியம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் யாருக்குத்தான் கண் சொருகாது? அதனால் நான் நீட்டிப் பேசுவதில்லை. ரப்பர் பொம்மையை நடுவில் கிடத்திவிட்டு, திடீரென்று ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ போய் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணு" என்பேன். எழுந்து ஓடுவான். 'யாராவது போன் பண்ணுங்க' என்று கத்தினால் ஒருத்தன் அசைய மாட்டான். பேர் சொல்லி வேலை கொடுத்தால் மறுபேச்சில்லாமல் போவான்.

என் பேர் கஸ்பார். ஊர் ராயபுரம். எர்ணாவூர் பக்கம் கண்டெய்னர்களைப் பழுது பார்க்கும் யார்டில் முதலுதவி ஆள் நான். பச்சை ஹெல்மெட் அங்கே எனக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் அதே யார்டில் வெல்டராக இருந்தேன். இந்த வலது கையைப் பாருங்கள், கட்டைவிரலும் அடுத்த விரலும்தான் மிச்சம். வெல்டிங் போனது இதனால்தான்.

போன வருஷம் ஒரு கண்டெய்னருக்குக் கதவு மாட்டும்போது கொக்கி நழுவி, கதவு கையின்மேல் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் மதி ஒருவன்தான். மதி எங்கள் சூப்பர்வைசர். அதற்கெல்லாம் முன்னால் என் தோஸ்து. ஒரே தெருவில் வளர்ந்தோம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன்.

எங்கள் யார்டு வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்தே இல்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று தினமும் எண்ணை மாற்றி எழுதுவார்கள். அது பூஜ்யத்துக்குத் திரும்பினால் மேலேயிருந்து கேள்வி வரும். அதனால் எங்களிடம் ஒரு பழக்கம். உள்ளே அடிபட்டவனை முதலில் கேட்டுக்கு வெளியே தூக்கிப்போய், ரோட்டோரம் படுக்க வைத்து, அவன் பைக்கைப் பக்கத்தில் சாய்த்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம். காயப் பதிவேட்டில் எழுதவேண்டிய வேலையே இருக்காது.

மதி என்னையும் அப்படித்தான் தூக்கிப்போனான். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். "மச்சான், வண்டிலேந்து வுழுந்துட்டேன்னு சொல்லிடு. மத்தத நா பாத்துக்கறேன். உன்ன வுட்ருவேனா?"

சொன்னேன். கேட்டவன் மதியாயிற்றே.

கை தேறி, இனிமேல் வெல்டிங் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மதியைக் கூப்பிட்டுக் கேட்டார். மதி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரோட்லதான் சார் வுழுந்தான். அன்னிக்குக் கொஞ்சம் தண்ணி போட்டுகினு இருந்தான்" என்றான்.

நான் குடிப்பவன் இல்லை சார். என் அப்பா குடித்தே செத்தவர். அதனால் நான் தொட்டதே கிடையாது, அது மதிக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சு நான் வீட்டுக்குப் போவதற்குள் எங்கள் தெருவுக்குப் போய்விட்டது. என் மனைவி ரீட்டா, "எங்கிட்டயே மறைச்சிட்டியே" என்று கேட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாதவரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சத்தியம் பண்ணினேன், நம்பவில்லை. மதி வந்து ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வருவாள். அவனிடம் எத்தனையோ தடவை கேட்டேன். "வுடு மச்சான், பழச பேசி இன்னா ஆவப்போவுது" என்பான். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன், சாயங்காலமானால் டீயும் வாங்கித் தருவான். இந்தப் பச்சை ஹெல்மெட்டுக்கு மேனேஜரிடம் பேசியதும் அவன்தான். அதற்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாடு முடிந்த நேரம், அடுக்கி வைத்திருந்த இரும்புத் தகடுகளில் ஒன்று சரிந்து மதியின் தொடையில் இறங்கியது. ரத்தம் விட்டுவிட்டுப் பீச்சியது. அப்படிப் பீச்சினால் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அமுக்க வேண்டும். ஒரு கிளாஸ் டீ ஆறுகிற நேரம்கூடத் தாங்காது. வகுப்பில் இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தாமோதரன் ஓடிவந்து, சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினான். சரியாகத்தான் அமுக்கினான், என்னிடம் படித்தவன். நான் அவன் கையை எடுத்துவிட்டேன். "தாமோதரா, நீ கேட்டாண்ட போய் நில்லு. ஆம்புலன்ஸ் வந்தா இட்டுகினு வா." போனான். கூட இருந்த தௌசீஃப், "வெளிய தூக்கினு போயிடலாமாண்ணா?" என்று கேட்டான். "இந்த வாட்டி வாணாம். தௌசீஃபு, நீ போன் பண்ணிட்டு ஆபீஸ்லேந்து முதலுதவிப் பெட்டிய எட்த்துகினு வா" என்றேன். அவனும் போனான். கட்டுப்போடும் துணி என் இடுப்புப் பையிலேயே இருந்தது.

"கஸ்பாரு, அமுக்குடா" என்றான் மதி.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, "என் கை எங்கடா போச்சு?" என்று கேட்டேன். நிதானமாகத்தான் கேட்டேன்.

"இன்னாடா இப்போ போய் கேட்டுகினு கீற?"

மறுபடியும் கேட்டேன். அடிபட்டவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நினைவு தப்ப விடக்கூடாது. அதனால் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கேட்டேன். குளிருது என்றான். அவன் அம்மாவைக் கூப்பிட்டான். என் சட்டையைப் பிடித்து இழுத்தான், பிடியில் பலம் இல்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியோடு தௌசீஃப் வந்துவிட்டால் அப்புறம் மதி எதற்கு வாயைத் திறக்கப்போகிறான்?

நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று, பெட்டியோடு வரும்போது தூரத்திலிருந்து பார்த்த தௌசீஃப் உங்களிடம் சொன்னது உண்மைதான். தாமோதரன் கையை நான் எடுக்காமல் விட்டிருந்தால் மதி பிழைத்திருப்பான். அது எனக்கு அப்போதே தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்குப் பதிவேட்டில் நடந்த இடத்தை உள்ளபடி எழுதினேன். வாசல் பலகையில் பூஜ்யம் போட்டுவிட்டுத்தான் நீங்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு உதவி சார். மாதவரத்துக்கு ஆள் அனுப்பினால் ரீட்டாவிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் மதி சொல்லிவிட்டான். "உள்ளதான்டா போச்சு. கதவு வுழுந்துச்சு. நீ குடிக்கல. மன்னிச்சுக்கோ மச்சான்." அவன் சொன்னது என் ஒருவன் காதில்தான் விழுந்தது. அப்புறம்தான் நான் அமுக்கினேன். உள்ளங்கைக்கு அடியில் துடிப்பு இல்லை. மிரட்டிச் சொல்ல வைத்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மதி மனசாரச் சொன்னான் சார்.