ஞானதுரை சாரின் களிமண் தேர்

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளிச் செயலாளர் முத்துராமலிங்கம் அய்யா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் இருக்கும் சாரின் வீட்டம்மா கிருபாபாய் அக்கா அவர்களே, தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்புச் செல்வங்களே, எல்லோருக்கும் இந்த அறிவியல் டீச்சர் சண்முகத்தாயின் வணக்கம்.

களிமண்ணை நடக்க வைத்த கலைஞர், நம் ஓவிய ஆசிரியர் ஞானதுரை சார், போன வியாழக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். அழத்தான் வந்தேன். ஆனால் அவரை நினைத்தாலே சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது. நான் என்ன செய்ய? அக்கா, நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டு விளக்கெண்ணெய் பாட்டில் மாயமாய் மறைந்த கதையெல்லாம் நீங்கள் சொல்லித்தானே எனக்குத் தெரியும்! கண்மாய் மண் லைட்டுச் சூட்டில் வெடிக்காமலிருக்க, அத்தனை எண்ணெயும் பொம்மைக்குள்ளே போயிற்று.

பொம்மையை வீடியோவில் நடக்க வைக்கலாம் என்று இந்தப் பள்ளிக்கூடத்தில் முதலில் சொன்னவர் யார்? ஞானதுரை சார். கேமராவுக்கு எங்கே போவது? கல்யாண வீடியோ எடுக்கும் பால்ச்சாமி அண்ணாச்சியைப் பிடித்தார். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கேமரா நமக்கு. ஊரே நல்ல காரியத்துக்குத் தள்ளிவைக்கும் மாதங்கள்தான் நமக்கு நல்ல மாதங்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் முதல் படம். ஒரு களிமண் எருமை தண்ணீர் குடிக்கப் போகிறது. எருமையை நகக்கண் அளவு நகர்த்த வேண்டும். கையை எடுக்க வேண்டும். கேமராப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டி நிறுத்த வேண்டும். மறுபடி நகர்த்த வேண்டும். ஒரு நாள் முழுக்க எடுத்தால் எருமை டிவியில் நாலு எட்டு வைக்கும். அவ்வளவுதான் வித்தை.

பால்ச்சாமி அண்ணாச்சி என்ன செய்தார்? கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற கையை விட்டுவிட்டால் அவரைச் சும்மா விடுவார்களா? அந்தப் பழக்கத்தில், பிள்ளைகளின் கை உள்ளே வந்ததும் பொத்தானை அமுக்கி, கை வெளியே போனதும் நிறுத்திவிட்டார். பெற்றோர்களைக் கூட்டி டிவியில் போட்டால், படம் முழுக்கக் கை. கை வருகிறது, எருமையைத் தள்ளுகிறது, அடுத்த கை வருகிறது. சாருக்கு மானம் போயிற்று என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் அழகுத்தாய் அக்கா எழுந்தார். "ஏட்டி, அங்க பாருங்க, அது எம் மவ கையி. அடுப்புல சுட்ட தழும்பு தெரியுதுல்ல" என்றார். அம்புட்டுத்தான். ஒவ்வொரு தாயும் டிவியில் தன் பிள்ளை கையைத் தேட ஆரம்பித்துவிட்டார். சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அண்ணாச்சி, இன்னொருக்க போடுங்க. எல்லாத் தாய்மாரும் பாக்கட்டும்" என்றார். மறுநாள் காலை எருமையைப் பழைய இடத்தில் வைத்து முதலிலிருந்து தொடங்கினார். "கையி தெரியாம இருந்தாத்தான் அதுக்கு உசுரு இருக்காப்புல தெரியும்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். அன்று பிறந்ததுதான் அந்தக் கேள்வி. ஒவ்வொரு தடவையும் கேட்பார், "கையை எடுத்தாச்சா?" பிள்ளைகள் கூரை அதிரச் சொல்வார்கள், "எடுத்தாச்சு சார்!" அதன் பிறகுதான் பொத்தான்.

இந்த ஆடியில் தேரோட்டம் எடுத்தார்கள். எந்த ஊர்த் தேர் என்று ராஜபாளையம் பிள்ளைகளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்கும் அடிபிடி. "களிமண் தேருடா, எந்த ஊருக்குன்னாலும் போகும்" என்றார் சார். ஒரு சிறுமி விடவில்லை. "நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரரு சார், தேரு ஓடுறது ஒங்களுக்குத் தெரியுமா?" "வடம் புடிச்சு இழுத்திருக்கேம்ட்டி. வடம் புடிக்கவன் பேர யாரு கேக்கா?" என்றார். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைக் கிழித்து, வடம் பிடிக்கும் களிமண் ஆட்களுக்கு வேட்டி கட்டிவிட்டார்கள். தேர் மூன்று தெரு சுற்றியது. நாலாவது தெரு முக்கில் சாருக்கு நெஞ்சு வலித்தது.

ஆஸ்பத்திரியில் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "டீச்சர், மேசைய யாரும் அசைச்சிராம பாத்துக்கோங்க. தேரு நடுத்தெருவுல நிக்கு."

இழுத்த தேரை நடுத்தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழக்கம் நம்மிடம் உண்டா? நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்காமல் யாராவது சோறு தின்போமா? அந்தத் தேர் இப்போதும் ஓவிய அறை மேசையில் அங்கேயேதான் நிற்கிறது. அந்த அறையைத் திங்கட்கிழமை காலி செய்து உடைந்த பெஞ்சுகளை அடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகள் என்னிடம் ஓடி வந்தார்கள். "தேர எடுத்துட்டா மறுபடி அதே எடத்துல வைக்க ஏலாதே டீச்சர். அம்புட்டும் போயிருமே" என்றார்கள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

செயலாளர் அய்யா, சபையிலேயே கேட்டுவிடுகிறேன். ஆவணி பிறக்கும்வரை அந்த அறைச் சாவி பிள்ளைகளிடம் இருக்கட்டும். அதற்குமேல் கேமராவும் கல்யாணத்துக்குப் போய்விடும். தருவீர்களா?

தலையாட்டிவிட்டீர்கள். அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது. பெஞ்சுகள் கொஞ்ச நாள் வெயிலில் காயட்டும்.

சாருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதான். நாளைக் காலை அறை திறக்கும். பால்ச்சாமி அண்ணாச்சி கேமராவுக்குப் பின்னால் நிற்பார். விளக்கெண்ணெய் என் செலவு. பொம்மை செய்ய மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள், நான் செய்த யானையைப் பார்த்துக் கத்தரிக்காயா என்று கேட்டவர்கள் நீங்கள். தேரை நீங்களே நகர்த்துவீர்கள். ஆடி முடியுமுன் அது நிலைக்கு வரும். அன்று இதே இடத்தில் டிவி வைப்போம். இனி வரும் ஒவ்வொரு ஆடியிலும் மார்கழியிலும் புதுப் பிள்ளைகள் புதுப் படம் எடுப்பார்கள்.

அக்கா, எந்தப் படத்திலும் சாரின் கை இருக்காது. தேடாதீர்கள். பிள்ளைகளே, எழுந்திருங்கள். அவர் கேட்டதை அவருக்காக ஒரு தடவை நான் கேட்கிறேன். கையை எடுத்தாச்சா?

கேட்டது. உங்கள் "எடுத்தாச்சு" தெரு முக்கு வரைக்கும் கேட்டிருக்கும். சாரும் தம் கையை எடுத்துவிட்டார். இனி பொத்தானை அமுக்குங்கள்.