புரட்சிக்குக் கை தூக்கியவர்

எழில்மொழி: ...அதுக்கு இன்னா இப்போ? டிவில காட்டுனாங்களே, அந்த அதிபரு ஹெலிகாப்டர்ல ஓடுனாரு. நீ ஷேர் ஆட்டோல வந்துகீற. அவ்ளோதான் வித்யாசம்.

பீம்ராவ்: அதுவும் டிரைவர் பக்கத்துல, அரை சீட்டுல... இருபத்திரெண்டு வருசமா தலைவரு எழிலு நானு.

எழில்மொழி: எண்ணூர்ல நாலு பிளாக்குக்கு ஒரு சங்கம். தண்ணி மோட்டாரு ரெண்டு. ஒண்ணு ரிப்பேரு.

பீம்ராவ்: கிண்டல் பண்ணு. கூட்டத்துல சேரத் தூக்கி வீசுறாங்கோ, நீ எங்க இருந்த?

எழில்மொழி: கடைசில, பேத்தி சங்கமித்ராவ மடில வச்சுகினு. கொயந்தைக்கு இழுப்பு. குந்து, சாப்புடு.

பீம்ராவ்: நான் இன்னா தப்பு பண்ணேன்?

எழில்மொழி: சோத்துல சாம்பல் வுயுது, கரண்ட் கம்பெனிக்காரன கேட்டுகினு வான்னு அனுப்புனாங்கோ. நீ பொன்னாடை போத்திகினு வந்த.

பீம்ராவ்: மரியாதை குடுத்தான்...

எழில்மொழி: ம். கொயந்தைக்கு அதப் போத்தி வுட்டா மூச்சு வந்துடுமா?

பீம்ராவ்: சோத்தப் போடு.

எழில்மொழி: கொயம்பு ஊத்தவா?

பீம்ராவ்: ஊத்து. ஜனங்கோ இன்னா பேசிக்கிது?

எழில்மொழி: எனக்கு ஒண்ணும் தெரில. உன் செயலாளரு வேம்பு சொன்னதுதான். 'தலைவரு வேணாம்றவங்கோ கை தூக்குங்கோ பாக்கலாம்'னு அவன்தான் மிரட்டுனானாம். ஒருத்தனும் தூக்கல, உன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தானுங்களாம். நீ தூக்குன. அப்பால மொத்த ஜனமும் தூக்கிச்சாம்.

பீம்ராவ்: எந்தத் தீர்மானம்னாலும் நான் தூக்குனாதான் தூக்குவானுங்கோ.

எழில்மொழி: புரட்சிக்கும் உன் பர்மிசன் வேண்டிகீது.

பீம்ராவ்: பயக்க தோசத்துல தூக்கிட்டான்னு சிரிக்கிறானுங்கோ.

எழில்மொழி: சிரிக்கட்டும். அப்டியே இருக்கட்டும் வுடு.

பீம்ராவ்: பயக்க தோசம் இல்ல எழிலு.

எழில்மொழி: பின்ன?

பீம்ராவ்: எனக்கு முன்னாடியே ஒரு கை தூக்கிச்சு. கடைசி வரிசைல. எல்லாம் என்னையே பாத்துகினு இருந்துச்சா... யாரும் கவனிக்கல. மேடைல இருந்த எனக்கு நல்லா தெரிஞ்சிச்சு.

எழில்மொழி: இரு, இன்னொரு கரண்டி ஊத்துறேன்.

பீம்ராவ்: தனியா நின்னுச்சு. ஆனா எறங்கல. வேம்பு திரும்பிப் பாத்தான்னா அதத் தொலைச்சிருப்பான்... பாத்துகினு இருக்க முடில. நானும் தூக்கிட்டேன்.

எழில்மொழி: யாரு கைய்யா அது?

பீம்ராவ்: கரண்டிய வச்சுகினு ஊத்தாம நிக்கிதே... இதான்.