திருத்தும் முன் என்ன காட்டியது?

மேடையில் அமர்ந்திருக்கும் சுகாதார அதிகாரி அவர்களே, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, அப்வூலியை இழந்து நிற்கும் அவருடைய கணவரே, பிள்ளைகளே, ருவென்சோரி மலையடிவாரத்து மருத்துவமனைகளிலிருந்தெல்லாம் வந்திருக்கும் சிஸ்டர்களே, ஆய்வகத் தோழர்களே, வணக்கம்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. பதாகையில் ‘பொறியாளர் பிரிஸ்கா கியோமுஹெண்டோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அளவுத்திருத்த ஆய்வகத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்புப்பெயர் கேட்காமல் எங்கள் தோரோ மண்ணில் ஒரு வணக்கமாவது சொல்ல முடியுமா? எங்களுக்கு அவர் அப்வூலி. எனக்கு முன்னால் பேசியவர் அவரைப் ‘பொறுமையின் சிகரம்’ என்றார். பொறுமையா! அப்வூலிக்கா! விரல் பிசுக்கு பட்டாலே எடை மாறும் சோதனை எடைக்கல்லை வெறுங்கையால் தொட்டவன் வாங்கிய திட்டு தெருமுனைவரை கேட்டிருக்கிறது.

அவருடைய பெருமை வேறு. மருத்துவமனைக் கருவி பிசகினால் நாம் என்ன செய்வோம்? ஆய்வகத்துக்குத் தூக்கி வருவோம், திருத்துவோம், பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவோம். வந்தபோது எவ்வளவு பிசகியிருந்தது என்று யார் கேட்டோம்? அப்வூலி கேட்டார்!

போன மழைக்காலத்தில் சிஸ்டர் கபஹூமா சிசுப் பிரிவின் எடைக்கருவியைக் கொண்டுவந்தார். எங்கள் டெக்னீஷியன் அதென்யி திருத்தும் பொத்தானுக்கு விரலை நீட்டினார்.

“இதெல்லாம் ஒரு வேலையா சிஸ்டர்? நீங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள தந்துடறேன்.”

“கைய எடு அதென்யி! இப்ப என்ன காட்டுதுன்னு பாத்தியா?”

“தப்பாத்தான் காட்டுது அப்வூலி. அதனாலதானே வந்திருக்கு!”

“எவ்வளவு தப்பு? நீ அமுக்கிட்டா, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது.”

அப்வூலி ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தார். கருவி ஒன்றேகால் கிலோ காட்டியது.

“சிஸ்டர், இதுல எடை பாத்துதானே ஊசி மருந்துக்குக் கணக்குப் போடறீங்க?”

“ஆமா, வேற எதுல...” என்ற சிஸ்டர் அதற்குள் போனை எடுத்து மருத்துவரை அழைத்துவிட்டார்.

ஒரு கிலோ குழந்தைக்கு ஒன்றேகால் கிலோ குழந்தையின் மருந்து! கூடிப்போனால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கிற மருந்து! அடுத்த ஊசி போடும் முன் மருத்துவர் நிறுத்தினார். வேறு கருவியில் எடை பார்த்து அளவைக் குறைத்தார். வீட்டுக்குப் போன குழந்தைகளையும் திரும்ப அழைத்துப் பரிசோதித்தார்கள். அன்று முதலில் பொத்தானை அமுக்கியிருந்தால்? எடைக்கருவி சரியாகியிருக்கும், பச்சை ஸ்டிக்கர் பளபளத்திருக்கும், பழைய எடைக்குக் கணக்கிட்ட மருந்தோ குழந்தைகளின் உடம்பில் ஏறிக்கொண்டே இருந்திருக்கும்!

ஆய்வகத்தின் மென்பொருளை எழுதியவன் நான். மறுநாளே அப்வூலி என் மேசைக்கு வந்தார்.

“அராலி, வந்தப்ப காட்டின அளவப் பதியாம திருத்தற பக்கமே தொறக்கக் கூடாது. பூட்டு போடு.”

“வேலை இழுக்கும். எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க.”

“திட்டட்டுமே. உன் காதுலதான் எப்பவும் பாட்டு ஓடுதே, கேக்கவா போகுது?”

போட்டேன். அன்றிலிருந்து அந்தப் பதிவு இல்லாமல் ஒரு கருவியும் எங்கள் வாசலைத் தாண்டவில்லை.

இப்போது கசப்பான பேச்சு. அப்வூலியை அடக்கம் செய்த மண் காய்வதற்குள் எனக்கு ஓர் உத்தரவு வந்தது: கருவிகள் தேங்குகின்றன, பூட்டை நீக்கு. அனுப்பியவர் மேடையில்தான் இருக்கிறார். அதிகாரி அவர்களே, தேங்குவது உண்மை. ஆள் கொடுங்கள், இன்னொரு தொகுதி எடைக்கற்கள் கொடுங்கள். பூட்டை நீக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ‘அப்வூலியின் வழியில் நடப்போம்’ என்று சற்றுமுன் இதே ஒலிபெருக்கியில் சொன்னீர்கள். இதை விட்டால் அவர் வழி எது?

அன்பார்ந்த சபையோரே! அப்வூலியின் பணி நிற்காது. பூட்டை நீக்கும் அதிகாரம் மென்பொருளில் இரண்டே பேருக்கு இருந்தது, அவருக்கும் எனக்கும். இன்று காலை என் பெயரை எடுத்துவிட்டேன். அவர் பெயர் இருந்த இடத்தில் சிஸ்டர் கபஹூமாவின் பெயரைப் பதிந்துவிட்டேன். கேட்டுத்தான் செய்தேன். “போடு தம்பி, யாரு வராங்கன்னு பாக்கறேன்” என்றார்.

ஆகவே, பூட்டு வேண்டாம் என்பவர்கள் இனி என்னைத் தேடி வர வேண்டாம். நேராகச் சிசுப் பிரிவுக்குப் போங்கள். குழந்தைகளை நெஞ்சோடு அணைத்தபடி தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் விழும்படி, சிஸ்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்!