அம்மா வாழ வேண்டிய வீடு

“பழைய வீடுன்னா சுவர்ல கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும், மேடம். அதை நான் ஒரு குறையாவே நினைச்சதில்ல.”

நான் சொன்ன இதையும் எழுதிக்கொள்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிற பெண் நான். அவற்றை எழுதியவர்கள் எல்லாம் எங்கோ வயல்களுக்கு நடுவே, கல் வீடுகளில் வாழ்வார்கள். அப்படி ஒருவர் எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறார் என்று தெரிந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருநூறு வருட வீடு, மாடி ஜன்னலோரம் மேசை, அதில் பிறந்த பதினான்கு நாவல்கள். தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்று அந்த எழுத்தாளர், நான் அம்மா என்றே கூப்பிட்டவர், விளம்பரம் கொடுத்தபோது, இருந்த வேலையை அன்றைக்கே விட்டேன்.

போய்ப் பார்த்தால், அவர் பத்து மணி வரை தூங்கினார். எழுந்ததும் டிவியில் சமையல் நிகழ்ச்சி. பதினோரு வருடமாக ஒரு வரி எழுதவில்லை. மேசைமேல் முழங்கால் வலி மருந்தும் பாதி கடித்த பிஸ்கட்டும் இருந்தன. நான் துடைத்துத் துடைத்துப் பேனாவை வைப்பேன், அவர் அதை வைத்து முதுகு சொறிவார்.

“இந்த வீட்டைப் புகழ்றவன் ஒருத்தனும் இங்க குளிச்சதில்லடி, புழு” என்பார். என்னைப் புத்தகப்புழு என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு வெறும் புழு ஆனேன். “என் தங்கச்சி வீட்டுல லிஃப்ட் இருக்கு. குழாயைத் திறந்தா வெந்நீர். நான் அங்க போறேன்.”

லிஃப்டுக்காக இந்த வீட்டை விடுகிறவரிடம் என்ன பேசுவது? நான் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அம்மாவுக்குக் காது மந்தம், ஃபோன் பேச மாட்டார். கண்ணில் புரை. அவர் சொல்லச் சொல்ல நான் கடிதம் அடிப்பேன், விரல் வைத்துக் காட்டிய இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். தங்கைக்கு அவர் சொன்னது: “அடியே குண்டம்மா, காரை எடுத்துட்டு வந்து தொலை. இந்தக் குளிர்ல நான் செத்துருவேன்.”

நான் அடித்தது: ‘அன்புத் தங்கைக்கு, இலைகள் உதிர்கின்றன. புதிய நாவல் என்னை இச்சுவர்களோடு பிணைத்திருக்கிறது. குளிர்காலம் முடியும்வரை வராதே.’

அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அதுதான். இரண்டு மாதத்தில் அப்படி மூன்று போயின. “குண்டம்மாவுக்கு என் மேல என்ன கோபமாம்?” என்று தினமும் கேட்டார்.

பிறகு இருமல், காய்ச்சல். டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். டாக்டர் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை வீடு. அதற்கப்புறம் அந்த ஜன்னலில் யார் இருப்பார்கள்?

“வழியில இருக்கார்மா” என்றேன். நான்கு நாள் அதையே சொன்னேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அவருடைய முதல் நாவலைச் சத்தமாக வாசித்தேன். அதை மூடச் சொன்னார். பாவம், ஜுர வேகம். செவ்வாய்க்கிழமை மதியம், நல்ல வெளிச்சத்தில் போனார்.

மறுநாள் தங்கை வந்து நின்றார். “எங்க அக்கா எனக்கு எழுதுனா வசவு இல்லாத ஒரு பத்தி இருக்காது. மூணு கடிதத்துல ஒரு ‘குண்டம்மா’ கூட இல்லையே. நீ யாருடி?” அதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று கடிதம் தேவைப்பட்டது, என்மேல் பழி போடுகிறார்.

நான் டாக்டரைக் கூப்பிடவில்லை. ஃபோனைத் தொடவே இல்லை. கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இதில் எனக்குக் குழப்பம் ஒன்றுமில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னது, “டாக்டர் எங்கடி?” அவ்வளவு பெரிய எழுத்தாளரின் கடைசி வார்த்தை இப்படியா இருப்பது? அன்று சாயங்காலமே உட்கார்ந்து வேறொன்று எழுதினேன். ஒரே வாக்கியம்தான், அவருடைய நடையிலேயே வந்திருக்கிறது.

நான் சொல்கிறேன், மேடம். உங்கள் அறிக்கையில் அதைப் போட்டுக்கொள்கிறீர்களா?